மயிலாப்பூர் பாத்தாச்சா, அப்ப ஒத்தியூர் வாங்க

சென்னைல என்ன கோயில் பாக்கலாம்னு யாராவது கேட்டா கபாலீஸ்வரர், பார்த்தசாரதி, வடபழனினு சொல்லிட்டு அதோட நிறுத்திக்கறாங்க. பாரிமுனைக்கு வடக்க ஊரே இல்லாத மாதிரி. ஆனா அப்பர், சம்பந்தர், சுந்தரர்னு மூணு பேரும் வந்து பாடின தலம் அங்க தான் இருக்கு, திருவொற்றியூர். இப்ப மெட்ரோ வேற போகுது, விம்கோ நகர் போற ட்ரெயின்ல ஏறி திருவொற்றியூர் தேரடில இறங்கினா கோயில் நடக்கற தூரம்தான், பார்க்கிங் தலைவலியும் கிடையாது.

நான் எங்க அத்தையோட போனேன். அத்தை வீடு புதுவண்ணாரப்பேட்டை, இந்த கோயில் அம்மன் வடிவுடையம்மன் அவங்களுக்கு பக்கத்து வீட்டு அக்கா மாதிரி, உள்ள நுழைஞ்சதும் அம்மன்கிட்ட சண்டையே போடுவாங்க.

மூலவர் ஆதிபுரீஸ்வரர், புற்று வடிவம். வருஷம் பூரா கவசத்தோடதான் பாக்க முடியும், கார்த்திகை பௌர்ணமிய ஒட்டி மூணு நாள் மட்டும் கவசத்த எடுத்து புனுகு தைலம் சாத்துவாங்க, அப்ப கூட்டத்த கேக்கவே வேணாம். தரிசனம் முடிஞ்சதும் கிளம்பிடாம பிரகாரத்துல பின்பக்கமா போய் விமானத்த அண்ணாந்து பாருங்க, யானை படுத்திருக்கற மாதிரி பின்னாடி வளைஞ்சிருக்கும், தூங்கானை மாடம்னு சொல்றது. ராஜேந்திர சோழன் காலத்து கல் கட்டுமானம். அத நிமிந்து பாக்காமயே நிறைய பேர் சுத்திட்டு போறாங்க. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் தனித்தனி லிங்கம் இருக்கு, அங்க மட்டும் அவங்கவங்க நட்சத்திரத்த தேடி ஒரே பரபரப்பு.

எனக்கு இந்த கோயில் பிடிக்க காரணம் இங்க வந்தவங்களோட கதைங்க. எல்லாமே கஷ்டத்துல மாட்டினவங்க கதை. கலிய நாயனார் இந்த ஊர்க்காரர்தான், செக்காட்டி எண்ணெய் விக்கற குடும்பம். கோயிலுக்கு விளக்கேத்தி ஏத்தியே சொத்து கரைஞ்சு, கூலிக்கு செக்காட்டி, வீட்ட வித்து, கடைசில சம்சாரத்தையே விக்க பாத்தாரு (இத என்னால ஜீரணிக்க முடியல, சொல்லிடறேன்), வாங்க ஆளில்லாம எண்ணெய்க்கு பதிலா தன் ரத்தத்தையே ஊத்தலாம்னு கழுத்த அறுக்கப் போனப்ப சாமி வந்து கைய புடிச்சுக்கிட்டாரு.

அப்புறம் சுந்தரர். சங்கிலி நாச்சியார இங்க தான் கல்யாணம் பண்ணாரு, உன்ன விட்டு போக மாட்டேன்னு சத்தியம் பண்ணனும். சன்னதில பண்ணா மாட்டிப்போம்னு, அந்த நேரம் நீ மகிழ மரத்தடில போய் இருன்னு சிவன்கிட்டயே செட்டிங் பேசினாரு. சிவன் என்ன பண்ணாரு, சங்கிலி கனவுல போய் மரத்தடிலயே சத்தியம் வாங்கிக்கோம்மானு சொல்லிட்டாரு! பின்னாடி சத்தியத்த மீறி திருவாரூர் கிளம்பினதும் ரெண்டு கண்ணும் போச்சு, ஒண்ணு காஞ்சிலயும் இன்னொண்ணு திருவாரூர்லயும்தான் திரும்ப கிடைச்சுது. மகிழ மரத்துகிட்ட நின்னு நான் இத சொன்னா அத்தை, "அவரு கண்ணு வந்துருச்சு, இந்த பொண்ணு கதி இன்னா ஆச்சுனு எவனாவது கேட்டானாடா?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்ல.

வள்ளலார் ஏழுகிணறு வீட்லேர்ந்து இங்க நடந்தே வருவாராம். ஒருநாள் லேட்டா திரும்பி, கதவு சாத்தியிருக்கவே பசியோட திண்ணைல படுத்துட்டாரு, அண்ணி உருவத்துல வடிவுடையம்மனே வந்து சோறு போட்டதா சொல்வாங்க. அம்மன் மேல 101 பாட்டு பாடியிருக்காரு, வடிவுடை மாணிக்க மாலை. அத்தைக்கு அதுல பாதி மனப்பாடம், சன்னதில சத்தமாவே பாடிட்டாங்க, யாரும் திரும்பி கூட பாக்கல, இங்க அதெல்லாம் சகஜம்.

மதியம் நடை சாத்தறதுக்குள்ள பாத்துட்டு கடல் பக்கம் வந்தா பட்டினத்தார் சமாதி. கோடி கோடியா வியாபாரம் பண்ணி எல்லாத்தையும் விட்டுட்டு கோவணத்தோட கிளம்பினவரு, கைல இருந்த கரும்போட நுனி எங்க இனிக்குதோ அங்க தான் முடிவுன்னு தேடி வந்து இங்க அடங்கினாராம். ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசையா நிக்குது, கிராஸ் பண்றப்ப ஜாக்கிரதை. உள்ள லிங்கம், பெரிசா அலங்காரம் ஒண்ணும் கிடையாது, நாலஞ்சு பேர் கண்ண மூடி உக்காந்திருந்தாங்க. கொஞ்ச தூரத்துல கடல், அலை ஊர தின்னுடாம இருக்க கொட்டின கருங்கல்லு. அப்பர் இந்த தலத்து பதிகத்துல மனச தோணியாவும் அறிவ துடுப்புக்கோலாவும் கோவத்த சரக்காவும் வெச்சு பாடினது அங்க நின்னா சும்மா புரியும், கண்ணு முன்னாடியே படகு போகுது.

பௌர்ணமி வெள்ளிக்கிழமைல வந்து சேர்ந்தா காலைல மேலூர் திருவுடையம்மன், மதியம் வடிவுடையம்மன், சாயந்திரம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன்னு மூணு பேரையும் ஒரே நாள்ல பாக்கறது வழக்கம், வேன் பிடிச்சு கூட்டமா வருவாங்க. முதல் தடவை வர்றவங்க அந்த நாள்ல வராதீங்க, நிக்க கூட இடம் இருக்காது, சாதாரண செவ்வாய் புதன்ல காலைலயே வாங்க. நாங்க அடுத்து மாசி பிரம்மோற்சவத்துல மகிழடி சேவைக்கு போறோம், அந்த சத்தியம் பண்ற காட்சிய நடத்தி காட்டுவாங்கல்ல, அத்தை இப்பவே சங்கிலி பக்கம்னு சொல்லிட்டாங்க.