இடம் வலம் மாறிய உலகில் நான்கு பிள்ளைகள்

இணை உலகக் கதைகளில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. பிள்ளைகள் ஏதோ ஒரு கதவின் வழியே வேறோர் உலகத்துக்குள் விழுகிறார்கள்; அங்கே மரத்தில் பழம் பறித்துத் தின்கிறார்கள், ஓடையில் நீர் அருந்துகிறார்கள், மறுநாளே அந்த நாட்டு அரசனுக்காக வாளேந்துகிறார்கள். அந்தப் பழம் ஏன் அவர்களுக்குச் செரிக்கிறது என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக நான் இப்போது எழுதிவரும் நாவல் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. வேறோர் உலகில் சிக்கிய நால்வருக்கு முதல் பகை அரசனோ அரக்கனோ அல்ல, பசிதான் என்பதும், அந்தப் பசி வேதியியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்பதும் இந்த நாவலுக்கு நான் வைத்துக்கொண்ட அடிப்படை.

கதை தொடங்கும் இடம் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல், காலம் 1986. என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அந்த ஊர் எனக்கு வீட்டுப் பேச்சில் வளர்ந்த ஊர். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. ஆனால் அறிவியல் கதைக்கு அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் என் குடும்பம் மட்டுமல்ல. 1965ஆம் ஆண்டில், தரைக்கு அடியில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின், அதாவது எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்களின், தடம் அங்கே பதிவானது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும் அது பதிவானது. உலகில் முதன்முதலாக இது கண்டறியப்பட்ட இரண்டு இடங்களில் ஒன்று, நம் மக்கள் கூடையும் உளியுமாக இறங்கிய சுரங்கம் என்பது தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1980 முதல் அதே ஆழத்தில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் எடையுள்ள கருவி ஒன்றும் இயங்கியது. என் கதையில் வரும் மூத்த பெண், அந்தக் கருவியைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகள்.

கதவைப் பாதாளத்திலிருக்கும் ஆய்வுக்கூடத்திலேயே வைத்திருந்தால் கதை சொல்ல எளிதாக இருந்திருக்கும். ஆனால் மனிதரே தோன்றாத உலகில் சுரங்கமும் தோண்டப்பட்டிருக்காது. அந்த ஆழத்தில் திறக்கும் கதவுக்கு அப்பால் திண்மையான பாறைதான் இருக்கும். கழிவுமண் கொட்டிக் கொட்டி எழுந்த சயனைடு மேடுகளின் உச்சியில் வைத்தாலும் ஆபத்துதான், ஏனென்றால் மேடு இல்லாத அந்த உலகில் பிள்ளைகள் அந்தரத்திலிருந்து விழுவார்கள். ஆகவே கதவு இயற்கையான தரைமட்டத்தில், சுரங்க வாயிலுக்குச் சற்றுத் தள்ளித் திறக்கிறது. அதைக் கடந்ததும் அவர்கள் காண்பது தங்கள் ஊர்ப் பாறைக் குன்றுகளை. காணாதது தங்கள் ஊரை. தங்கம் மட்டும் காலடியில், தீண்டப்படாமல், குவார்ட்ஸ் நரம்புகளுக்குள் இருக்கிறது.

அந்த உலகம் எப்படிப்பட்டது என்பதை முடிவு செய்யத்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. இணை உலகம் என்றதும் பலரும் 1957இல் ஹியூ எவரெட் வெளியிட்ட கருத்தை நினைப்பார்கள்: குவாண்டம் நிகழ்வு ஒவ்வொன்றிலும் சாத்தியங்கள் அனைத்தும் நடந்தேறுகின்றன, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கிளையாகப் பிரிந்து செல்கிறது என்பது அதன் சாரம். அந்தக் கணிதத்தின்படி பிரிந்த கிளைகள் மறுபடி சந்திப்பதற்கு நடைமுறையில் வழியில்லை. இன்னொரு வகைக் கண்ணாடி உலகமும் இயற்பியலில் உண்டு. 1956இல் லீ, யாங் என்ற இயற்பியலாளர்கள் இருவரும், அணுக்கருச் சிதைவில் செயல்படும் மென்விசை இடத்தையும் வலத்தையும் ஒன்றாக நடத்தாமல் இருக்கலாம் என்றனர். விரைவிலேயே வூ அம்மையார் கோபால்ட்-60 அணுக்களைக் கொண்டு அதை மெய்ப்பித்தார். (நோபல் பரிசு மற்ற இருவருக்கு மட்டுமே கிடைத்தது. இதைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும் என்று நினைப்பவன் நான்.) அந்தச் சமனின்மையை ஈடுசெய்ய, நம்முடைய ஒவ்வொரு துகளுக்கும் ஓர் ஆடித்துகள் இருக்கலாம் என்ற கருதுகோளை 1966இல் சோவியத் அறிஞர்கள் மூவர் விரிவாக ஆராய்ந்தார்கள். ஆனால் அத்தகைய பொருள் நம் பொருளோடு ஈர்ப்பு விசை ஒன்றின் மூலமாகவே உறவாடும். அந்த உலகில் கால்வைக்கும் பிள்ளைகளுக்கு அதன் ஒளி கண்ணில் படாது, தரையும் தாங்காது, பூமியின் மையத்தை நோக்கி விழுந்துகொண்டே இருப்பார்கள். அதில் கதைக்கு இடமில்லை.

எனவே நான் எடுத்துக்கொண்டது இதுதான். அணுக்கள் நம் அணுக்களே. பாறையும் நீரும் காற்றும் நம்முடையவையே. ஆனால் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு உயிர் தோன்றியபோது அது வேறொரு கையைப் பற்றிக்கொண்டது. கதவு ஒன்றுதான் நான் இட்டுக்கட்டியது. மற்ற அனைத்தையும் விதிகளிடம் ஒப்படைத்துவிட்டேன்.

கை என்று நான் சொல்வதற்கு விளக்கம் தேவை. 1848இல் இளைஞராக இருந்த லூயி பாஸ்டர், டார்டாரிக் அமிலத்தின் ஒரு வகை உப்பின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வகைகள் கலந்திருப்பதைக் கண்டார். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துக் கரைத்தபோது, ஒரு கரைசல் முனைவாக்கிய ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை) வலப்புறமும் மற்றது இடப்புறமும் திருப்பியது. கரிம மூலக்கூறுகளில் பலவும் இப்படி இடக்கை, வலக்கை என இரு வடிவில் அமையக்கூடியவை. ஆனால் உயிர்கள் இரண்டையும் சமமாகப் பயன்படுத்துவதில்லை; பூமியில் உள்ள உயிர்களின் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களாலும், மாவுப்பொருளும் மரபணுவும் வலக்கைச் சர்க்கரைகளாலும் கட்டப்பட்டவை. நம் நொதிகளும் அந்தக் கைக்கு ஏற்பவே அமைந்திருக்கின்றன. வலக்காலுக்குத் தைத்த செருப்பு இடக்காலில் நுழையாததைப் போல, எதிர்க்கை மூலக்கூறு நம் நொதிக்குள் பொருந்தாது. வேறுபாட்டை மூக்கே உணரும்: புதினாவின் மணமும் சதகுப்பை விதையின் மணமும் கார்வோன் என்ற ஒரே மூலக்கூறின் இரண்டு கைகள்.

இனி அந்த நால்வரின் பசிக்கு வருகிறேன். அந்த உலகின் பழம் இனிக்கும். எதிர்க்கைக் குளுக்கோஸும் நாவுக்கு இனிப்பே. ஆனால் உடல் அதை எரிக்காது. மிகுதியாகத் தின்றால் செரிக்காத சர்க்கரை குடலில் நீரை இழுத்து வயிற்றுப்போக்கில் முடியும். வயிறு நிறையத் தின்றும் மூன்றாம் நாளே நடக்கத் தெம்பில்லாமல் போகிறது. காரணத்தை மூத்த பெண் கண்டுபிடிக்கும் அத்தியாயம் நாவலில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். அவள் கையாள்வது நம் பள்ளி மாணவர் எல்லோரும் செய்து பார்த்த உமிழ்நீர்ச் சோதனைதான். முதலுதவிப் பெட்டியில் இருக்கும் அயோடினை, கையோடு கொண்டுவந்த களியைக் கரைத்த நீரில் விடுகிறாள், நீலக்கருமை தோன்றுகிறது, உமிழ்நீர் சேர்த்துச் சற்று நேரம் வைத்திருந்தால் உமிழ்நீரின் நொதி மாவுப்பொருளை வெட்டிவிடுவதால் நீலம் மறைகிறது. அந்த உலகத்துக் கிழங்கை வேகவைத்த நீரிலும் அதே நீலம் வருகிறது, ஏனென்றால் அயோடினுக்கு இடம் வலம் கிடையாது. ஆனால் உமிழ்நீர் சேர்த்து எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்த நீலம் போவதில்லை. மாவுப்பொருள்தான், ஆனால் நமக்கு உணவல்ல. முதல் நாள் கசக்கி முகர்ந்த இலைகளில் ஒன்றுகூடப் பழகிய மணத்தைத் தராதது ஏன் என்பதும் அவளுக்கு அப்போதுதான் விளங்குகிறது.

ஆனாலும் அந்த உலகம் அவர்களை முற்றாகக் கைவிடவில்லை. கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலானவை நேரான சங்கிலிகள், கிளிசராலும் அப்படியே, அவற்றுக்குக் கை இல்லை. எண்ணெய் வித்துகளும் விலங்குக் கொழுப்பும் அங்கேயும் சோறு போடும். மாவும் சர்க்கரையும் போக, கிடைக்காதவை புரதமும் சில உயிர்ச்சத்துகளும்தான். உடல் தன் தசையைக் கரைத்துக்கொண்டு சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். வைட்டமின் சி இல்லாமல் ஒன்றிலிருந்து மூன்று மாதங்களுக்குள் ஈறில் இரத்தம் கசியத் தொடங்கும். கதைக்கு வேண்டிய காலக்கெடுவை நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை, உடலியலே கொடுத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ஒரு மளிகைப் பை கதையின் நடுவுக்கு வருகிறது. நால்வரில் இளையவனை அவன் அம்மா கடைக்கு அனுப்பியிருந்தாள். அவன் பையில் இரண்டு கிலோ கேழ்வரகும் அரைக் கிலோ பச்சைப்பயறும் இருக்கின்றன. நால்வரும் வயிறார உண்டால் அது ஏறத்தாழ ஒரு நாள் உணவு. ஆனால் பயறை ஊறவைத்து முளைகட்டினால், உலர்ந்த பயறில் அநேகமாக இல்லாத வைட்டமின் சி சில நாட்களில் உண்டாகிவிடும். விதைத்தால் இன்னும் பெரிய வாய்ப்பு உண்டு. செடி கேட்பது நீர், ஒளி, காற்றிலுள்ள கரியமில வாயு, மண்ணிலுள்ள தாது உப்புகள். இவற்றில் எதற்குமே கை இல்லை என்பதால், நம் விதை அந்த மண்ணில் முளைக்கும். பச்சைப்பயறு அறுபது, எழுபது நாளில் காய்க்கும்; கேழ்வரகு மூன்றரை மாதமாவது கேட்கும். ஈறு வீங்கிய தங்கைக்கு இன்று இரண்டு கைப்பிடி முளைப்பயறு கொடுப்பதா, அந்த இரண்டு கைப்பிடியையும் மண்ணில் இடுவதா என்று நால்வரும் இரவெல்லாம் வாதிடுகிறார்கள். வாளும் மந்திரமும் இல்லாமலே ஒரு சாகசக் கதை இவ்வளவு இறுக்கமாக இருக்க முடியும் என்பதை நான் இந்தப் பகுதியை எழுதும்போதுதான் உணர்ந்தேன். பயிருக்கு நீர் பாலாற்றிலிருந்து வருகிறது. நம் உலகில் பெத்தமங்கலத்தில் தேக்கப்பட்டுத் தங்கவயலின் தாகம் தீர்த்த அதே ஆறு, அணையும் மணல் லாரியும் அறியாத அந்த உலகில் நிறைந்து ஓடுகிறது.

நோய் பற்றி எழுதும்போது தயங்கித் தயங்கித்தான் எழுதினேன். அந்த உலகின் வைரஸ் நம் செல்லைப் பயன்படுத்திப் பெருக முடியாது. பாக்டீரியாவின் கதை வேறு. 2024 டிசம்பரில் 38 அறிவியலாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய எச்சரிக்கையில், எதிர்க்கை பாக்டீரியாவை ஆய்வகத்தில் உருவாக்க முயலவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நம் நோய் எதிர்ப்பு அமைப்பு பகைவனின் புரதங்களைத் துண்டாக்கி அடையாளம் காண்கிறது. துண்டாக்கவே முடியாத புரதங்களைக் கொண்ட கிருமியை அது காணாமலே விட்டுவிடக்கூடும். கை இல்லாத சத்துகளைக் கொண்டு வாழத் தெரிந்த எதிர்க்கைக் கிருமி ஒன்று ஒரு சிறு சிராய்ப்பின் வழியே உடலுக்குள் நுழைந்தால் போதும். இதன் மறுபக்கத்தையும் பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன்: அந்த உலகுக்கு எதிர்க்கை உயிர்கள் இவர்கள்தான். இவர்கள் குடலில் சுமந்து சென்ற கிருமிகளைத் தின்ன அங்கே எதுவுமில்லை. இவர்கள் விதைத்த கேழ்வரகை மேய்ந்து பசியாற அங்கே ஒரு பூச்சியும் இல்லை. தாங்கள் பிழைத்த ஒவ்வொரு நாளும் அந்த உலகுக்கு ஓர் ஆபத்து என்பதை அவர்கள் அறுவடை நாளில் உணர்கிறார்கள். கதிரை எடுத்துக்கொண்டு, தாளை எரித்து, சிந்திய மணிகளை மண்டியிட்டுப் பொறுக்குகிறார்கள். குடல் கிருமிகளைப் பொறுக்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்; அந்தக் குற்றவுணர்வை நான் எந்தச் சமாதானமும் சொல்லி நீக்கவில்லை.

கதவு மறுபடி திறக்கும்போது, உடனே ஓடிவிட வேண்டும் என்று இருவரும், கூடாது என்று இருவரும் நிற்கிறார்கள். அந்த உலகின் கிருமிகளோடு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் ஊருக்குள் நுழைய மூத்தவள் மறுக்கிறாள். அவர்கள் முதலில் அனுப்புவது ஒரு கடிதத்தை மட்டும், அதையும் கொதிநீராவியில் நன்றாகக் காட்டிய பிறகு. வெப்பம் எந்தக் கை உயிரையும் கொல்லும். கடிதத்தில் தங்களைத் தனியே வைக்க ஓரிடமும், சுரங்க மருத்துவமனையிலிருந்து கோ-டிரைமாக்சசோல் மாத்திரைகளும் கேட்கிறார்கள். பென்சிலின் போன்ற மருந்துகள் நம் உலகக் கிருமியின் கைக்கு ஏற்ப அமைந்தவை. எதிர்க்கைக் கிருமியிடம் அவற்றை நம்பியிருக்க முடியாது. கோ-டிரைமாக்சசோலில் உள்ள இரண்டு மருந்துகளின் மூலக்கூறுகளுக்கும் கை கிடையாது, ஆகவே அவை அங்குள்ள கிருமியிடமும் வேலை செய்யும் என்று அவள் தன் தந்தைக்கு எழுதுகிறாள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று வாசகர் கேட்கக்கூடாது என்பதற்காக, அந்த மருந்துகளின் அமைப்புப் படத்தை அவள் பார்த்த தருணத்தை இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது அந்தத் தந்தையின் பதில் கடிதம். நாவலில் பெரியவர் ஒருவர் பேசும் இடம் அது மட்டுமே. அவர் மகளுக்கு ஆறுதல் எதுவும் சொல்லாமல், காய்ச்சல் யாருக்கு, எத்தனை நாளாக, புண் எங்கே என்று வரிசையாகக் கேள்விகளையே எழுதுகிறார்.