சுவரின் நிறமும் திரையின் நிறமும்

எங்கள் சிறிய வடிவமைப்பு அலுவலகத்துக்கு வண்ணம் பூச வேண்டிய அதே மாதத்தில்தான் அதன் இணையதளத்தையும் புதுப்பிக்கத் தொடங்கினேன். இரண்டுக்குமே நான் விரும்பியது மஞ்சள் கிழங்கின் அடர்ந்த நிறம்; ஆனால் வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து ஏறக்குறைய மறைந்தே போகிறது.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பார்வைக் குறைபாடு உள்ளோரும் தளங்களைப் பயன்படுத்த 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் மூன்று நிலைகளில் இரண்டாவதன்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். வெள்ளையின் மேல் தூய சிவப்புகூட 4:1 அளவிலேயே நின்றுவிடுவது எனக்கு வியப்பளித்தது. ஆகவே எழுத்துக்குக் கருநீலத்தைக் கொடுத்து, மஞ்சளைப் பொத்தான்களின் பின்னணியாக மட்டும் வைத்தேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் இருப்பதால், பிழைச் செய்திகளை நிறத்தோடு சொற்களாலும் காட்டினேன்.

சுவரில் சிக்கல் வேறு. மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அறை முழுவதையும் மஞ்சளாக்க, கண் அதற்குப் பழகிவிடுவதால், திரையில் நிறங்களைத் தேர்ந்தெடுப்பவரின் மதிப்பீடு தவறுகிறது. ஒளியின் நிறச்சாயலைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். திரையின் வெள்ளை பொதுவாக 6500 கெல்வினுக்கு அமைக்கப்படுவது. 2700 கெல்வின் விளக்கின் கீழ் அதுவே நீலம் பாய்ந்ததாகத் தோன்றும். எனவே மேசைகளைச் சுற்றிப் பளபளப்பற்ற வெளிர் சாம்பலைப் பூசச் செய்து, நான் ஆசைப்பட்ட மஞ்சளை நுழைவாயிலுக்கும் உணவறைக்கும் கொண்டுசென்றேன். அதையும் சுவரில் இரண்டடிச் சதுரமாகப் பூசி, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகே முடிவு செய்தோம்.