லேத் பதில் சொல்லும், இன்டர்வியூ சொல்லாது

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷினில் ஷாஃப்ட், புஷ் மாதிரி உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் உற்பத்திப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆள் எடுக்கும் நாட்களில் இன்டர்வியூ அறையிலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. இரண்டு இடத்திலுமே பாதி முடிவுகள் சட்டென்று மனசில் படுவதை வைத்துத்தான் நடக்கின்றன. மெஷின் பக்கத்தில் அது பெரும்பாலும் சரியாக இருக்கிறது. இன்டர்வியூ அறையில் அப்படி இல்லை. காரணம் விளங்க எனக்கு ரொம்பக் காலம் பிடித்தது.

எங்களிடம் ஒரு மூத்த ஆபரேட்டர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் அண்ணன். தன் மெஷினில் வேலை பார்த்துக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல், "தம்பி, அந்த இன்செர்ட் போயிடுச்சு, மாத்திடு" என்று அடுத்த மெஷின் பையனுக்குக் குரல் கொடுப்பார். இன்செர்ட் என்பது இரும்பைச் சீவும் சின்ன வெட்டு முனை. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவரால் முழுசாகச் சொல்ல முடியாது. சத்தம் லேசாகக் கரகரத்திருக்கும். சுருள்சுருளாக வரும் இரும்புச் சீவலின் நிறம் மாறியிருக்கும். ஜாப்பின், அதாவது கடையப்படும் பொருளின், பளபளப்பு குறைந்திருக்கும். கழற்றிப் பார்த்தால் முனை தேய்ந்திருக்கும், மைக்ரோமீட்டர் வைத்தால் அளவு நகர ஆரம்பித்திருக்கும். இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு தட்டு ஜாப் ரிஜெக்‌ஷனில் போய்விடும். அந்தக் காதை நான் மதிக்கிறேன்.

உள்ளுணர்வு எங்கெல்லாம் நம்மை ஏமாற்றுகிறது என்று ஏமோஸ் ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து ஆராய்ந்தவர் டேனியல் கானெமன், 2002இல் பொருளாதார நோபல் பெற்ற மனவியலாளர். தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வு எப்படி உயிர் காக்கிறது என்று ஆராய்ந்தவர் இன்னொரு மனவியலாளரான கேரி க்ளைன். எதிரெதிர் பக்கத்தில் நின்ற கானெமனும் க்ளைனும் 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் அவர்கள் ஒத்துப்போன இடம் எனக்கு முக்கியமானது. உள்ளுணர்வு நம்பத் தகுந்ததாக வளர இரண்டு வேண்டும்: திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கும் சூழல், தீர்ப்பு சரியா தப்பா என்று சீக்கிரம் தெரிந்து பழகும் வாய்ப்பு. அண்ணனுக்கு லேத் இரண்டையும் கொடுத்திருக்கிறது. அவர் நினைத்தது சரியா என்று அடுத்த சில நிமிடங்களிலேயே இரும்பு பதில் சொல்லிவிடும்.

இன்டர்வியூ அறையில் யார் பதில் சொல்வது? நாம் வேண்டாம் என்று அனுப்பிய பையன் வேறு கம்பெனியில் நல்ல ஆபரேட்டராகியிருந்தாலும் நமக்குத் தெரியவே போவதில்லை. அதனால்தான் "முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும் சார்" என்று அத்தனை தைரியமாகச் சொல்ல முடிகிறது. எத்தனை வருட அனுபவம் சேர்ந்தாலும், விடை தெரியாத கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த அறையில் மனசு என்னவெல்லாம் செய்கிறது என்று கவனித்திருக்கிறேன். முகவரியில் வட சென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று இருந்தால் ஒருவர் புருவம் உயரும். தன் மாவட்டத்துப் பையன் என்றால் அதே புருவம் இறங்கிக் குரல் கனிந்துவிடும். பெண் ஆபரேட்டர் என்றதும், அவரிடம் கேட்காமலே நைட் ஷிஃப்டுக்கு ஒத்துவராது என்று ஒரு முடிவு. எல்லாவற்றையும்விட வலுவானது ஆங்கிலம். சரளமாக நாலு வாக்கியம் பேசிவிட்டால் டிராயிங் (பாகத்தின் அளவு வரைபடம்) படிக்கத் தெரியும், ஒழுங்காக வேலைக்கு வருவான், பொறுப்பானவன் என்று எல்லாமே சேர்ந்து வந்துவிடுகிறது. எட்வர்ட் தார்ண்டைக் என்ற மனவியலாளர் 1920லேயே இதை எழுதிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தால், உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு எல்லாம் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் பிடித்துவிடுகிறது.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு இன்னும் கவலை. பிடித்துப்போனவரிடம் சுலபமான கேள்வி கேட்கிறோம். பிடிக்காதவரிடம் தடுக்கி விழும் கேள்வியாகத் தேடுகிறோம். முதல் நிமிடத்தில் எடுத்த முடிவுக்கு மீதி நேரத்தில் ஆதாரம் சேர்க்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் அது நிதானமாக ஆராய்வது மாதிரியேதான் இருக்கும்.

சம்பளப் பேச்சும் அப்படித்தான். ட்வெர்ஸ்கியும் கானெமனும் ஒரு சுழல்சக்கரத்தை 10இல் அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி செய்து, அதைப் பார்த்தவர்களிடம் ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 25, 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத ஒரு எண் இப்படி இழுக்கிறது என்றால், "இப்போ எவ்வளவு வாங்குறீங்க?" என்ற கேள்வி எப்படி இழுக்கும்? முந்தைய இடத்தில் குறைத்துக் கொடுத்தார்கள் என்பதற்காகவே இங்கேயும் அந்தத் தொழிலாளிக்குக் குறைகிறது. எங்கள் படிவத்திலிருந்து அந்தக் கேள்வியை எடுக்கச் சொல்லிப் போராடி எடுத்துவிட்டேன். இது நியாயம் சம்பந்தப்பட்டது.

இன்டர்வியூவைத் திருத்த எனக்கு வழிகாட்டியது கானெமனின் இளவயது வேலை. 1955 வாக்கில், 21 வயதில், இஸ்ரேல் ராணுவத்துக்கு அவர் ஒரு நேர்காணல் முறை வகுத்தார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றிய கேள்விகள், ஒன்றுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்தது. எங்களை ரோபோ ஆக்குகிறீர்கள் என்று நேர்காணல் செய்தவர்கள் கோபப்பட்டார்கள். சரி, எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடி, இந்த ஆளை ராணுவ வீரனாகக் கற்பனை செய்து, மனசில் படும் ஒரு மதிப்பெண்ணையும் போடுங்கள் என்றார். பழைய முறையைவிட ஆறின் கூட்டுத்தொகை நன்றாக வேலை செய்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவுக்கு நன்றாக இருந்தது! உள்ளுணர்வை அவர் துரத்தவில்லை, கடைசி வரை காக்க வைத்தார்.

எங்கள் படிவம் இப்போது அதைத்தான் பின்பற்றுகிறது. டிராயிங்கைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறோம். மைக்ரோமீட்டரைக் கொடுத்து அளக்கச் சொல்கிறோம். ஷிஃப்ட் நடுவில் அளவு ஓடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறோம். ஒவ்வொன்றுக்கும் அங்கேயே மதிப்பெண். உள்ளே இருக்கும் மூவரும் எழுதி முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் பேசக்கூடாது. ஊர், முகவரியெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகு அலுவலகத்தில் கொடுத்தால் போதும்.

மதிப்பெண் ஒன்று சொல்லி மனசு வேறு சொன்னால், அந்த ஆளை அரை நாள் மெஷினில் நிற்க வைக்கிறோம். அதற்கான கூலியையும் கொடுத்துவிடுகிறோம். அண்ணன் பக்கத்து மெஷினில்தான் இருப்பார். அவர் கருத்தையும் கேட்போம், ஆனால் ஜாப்பை அளந்து குறித்த பிறகு.