ஈர்க்கில் முளைத்த வெள்ளைக் கிண்ணம்

ஒன்றரை வருடமாகக் கடுகளவு கிண்ணக் காளான்களைத் தேடி அலைகிறேன். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் அகலம், மிஞ்சிப்போனால் மூன்று. காய்ந்த தண்டு, உதிர்ந்த இலை, போன வருடத்து இலைக்காம்பு, இவைதான் அவற்றுக்கு வீடு. நான் இருப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். சனிக்கிழமைகளில் பக்கத்து டெர்பிஷயரின் லாத்கில் பள்ளத்தாக்கில் மண்டியிட்டுக் கிடப்பேன். நாயோடு நடக்க வருகிறவர்கள் எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்பார்கள்.

முதல் ஆறு மாதம் வீண். வெள்ளையா மஞ்சளா, ஓரத்தில் மயிர் உண்டா என்று கிண்ணத்தை மட்டுமே பார்த்துப் படமாக எடுத்துக் குவித்தேன். எது எதன் மேல் இருந்தது என்பதற்குக் குறிப்பேட்டில் ‘குச்சி’, ‘ஏதோ தண்டு’ என்றுதான் இருக்கிறது. அந்தப் படங்களில் முக்கால்வாசிக்கு இனிமேல் பெயர் கிடைக்காது.

விளிம்பில் முள்ளுள்ள ஹாலி மரத்தின் இலை ஒன்றுதான் வழிக்குக் கொண்டுவந்தது. உதிர்ந்த இலையில் கரும்புள்ளிகள். லென்ஸை வைத்தால் ஒவ்வொன்றும் மூடி பிளந்த டப்பா மாதிரி. ஹாலி இலை என்று தெரிந்ததால் ட்ரோக்கிலா இலிசினா என்ற பெயர் ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது. ஐவிக் கொடியின் இலையில் வருவது அதன் உறவு, ட்ரோக்கிலா கிராட்டீரியம். சரி, முதலில் செடி, அப்புறம்தான் காளான் என்று முடிவு செய்தேன்.

சிக்கல் என்னவென்றால், செத்த செடியை அடையாளம் காண்பது உயிரோடிருக்கும் செடியைவிடக் கடினம். இலையும் இல்லை, பூவும் இல்லை. நெட்டில் பரவாயில்லை. நம்மூர்க் காஞ்சொறி போல அரிக்கும் செடி அது. காய்ந்த பிறகும் தண்டு நாலு பட்டையாக இருக்கும். வசந்தத்தில் அதன் மேல் ஆரஞ்சுப் பொட்டுகளாகக் கல்லோரியா நெக்லெக்டா வரும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அதிக நாள் பிடித்தது ஆஷ் மரத்தின் காளான். ஆஷ் இலை வேப்பிலை மாதிரி, ஒரே ஈர்க்கில் இருபக்கமும் சிற்றிலைகள். இலை உதிர்ந்து மட்கிய பிறகும் ஈர்க்கு மட்டும் கறுத்துக் கிடக்கும். அடுத்த கோடையில் அதன் மேல் காம்போடு வெள்ளைக் கிண்ணங்கள் எழும். ஐரோப்பா முழுக்க ஆஷ் மரங்களைச் சாய்த்துவரும் ஹைமெனோசைஃபஸ் ஃப்ராக்ஸினியஸ் இதுதான். கிழக்காசியாவில் மஞ்சூரிய ஆஷ் மரத்தோடு பெரிய தொல்லையில்லாமல் வாழ்ந்த பூஞ்சை. போலந்தில் 1990களின் தொடக்கத்தில் மரங்கள் பட்டுப்போகத் தொடங்கின. பிரிட்டனில் 2012இல் உறுதியானது. லாத்கில் சரிவுகளில் மொட்டையாக நிற்கும் மரங்களைப் பார்த்தால் இந்தக் கிண்ணத்தை ரசிக்கவே கூச்சமாக இருக்கிறது.

ஜூலையில் ஒரு பிடி அள்ளி வந்தேன். அதில் பாதி சிக்கமோர் மரத்தின் இலைக்காம்பு! ஆஷ் ஈர்க்கில் சிற்றிலைகள் ஒட்டியிருந்த இடமெல்லாம் கணு இருக்கும். சிக்கமோர் காம்பு கணுவே இல்லாமல் வழவழவென்று போகும். அதைக்கூடப் பார்க்கவில்லை. மீதியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு நாள் மறந்ததில் பூஞ்சையின் மேல் பூஞ்சை. இப்போது தீப்பெட்டிதான்.

இரண்டாம் தடவை ஒழுங்காகக் கொண்டுவந்து நுண்ணோக்கியில் வைத்தேன். வித்துகள் 37 மைக்ரான் நீளம் வந்தன. புது இனமோ என்று ஒரு மணி நேரம் மிதந்துகொண்டிருந்தேன். பார்த்தால், நூறு மடங்கு லென்ஸில் அளந்துவிட்டு நாற்பதுக்கான கணக்கைப் போட்டிருக்கிறேன். கண்வில்லையில் உள்ள அளவுகோலின் ஒரு கோட்டுக்கு ஒரு மைக்ரான் என்பதற்குப் பதில் இரண்டரை. சரியான அளவு 15.

ஆஷ் ஈர்க்கிலேயே இன்னொரு கிண்ணமும் உண்டு: ஹைமெனோசைஃபஸ் ஆல்பிடஸ். ஐரோப்பாவிலேயே நெடுங்காலமாக இருப்பது, மரத்துக்குக் கெடுதல் செய்யாதது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வித்துப்பையின் அடியில் தொரட்டி மாதிரி ஒரு வளைவு இருந்தால் ஃப்ராக்ஸினியஸ், இல்லையென்றால் ஆல்பிடஸ். இதைப் பார்க்க மூன்று மாலைகள் ஆயின. மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பை நான் அழுத்திய அழுத்தில் பைகள் அடியோடு பிய்ந்துபோயின. அப்புறம் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டி, காங்கோ ரெட் சாயம் விட்டதும் தொரட்டி தெரிந்தது. ஃப்ராக்ஸினியஸ்தான்.

இப்போது மேசையில் இருக்கும் தீப்பெட்டியில் மயிரடர்ந்த வெள்ளைக் கிண்ணங்கள், ஒரு முள்தண்டின் மேல். லாக்னம் விர்ஜினியமாக இருக்கலாம். தண்டு ராஸ்பெர்ரியா, அதன் உறவான பிராம்பிள் முட்செடியா என்றுதான் தெரியவில்லை. அதனால் போன வாரம் சிவப்பு நூல்கண்டு ஒன்றை எடுத்துப் போய், இலையும் பூவுமாக நிற்கும் செடிகளிலேயே பெயர்ச்சீட்டோடு கட்டிவிட்டு வந்தேன். மொத்தம் பதினாலு செடிகள். அவை காயட்டும், அடுத்த வசந்தத்தில் போய்ப் பார்க்கிறேன்.