மகளின் முதல் ரேசர்

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கே மஞ்சக்குப்பம் மைதானத்தில் நிற்க முடியவில்லை. இந்த வெயிலிலும் மகள் முழுக்கால் பேண்ட் போட்டுக்கொண்டு கைப்பந்துப் பயிற்சிக்குப் போகிறாள். போன மாதம்வரை அரைக்கால் சட்டைதான். இன்றுதான் காரணம் தெரிந்தது. அணியில் ஒருத்தி இவள் காலைக் காட்டி ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். “எனக்கு ஷேவ் செய்யக் கற்றுக்கொடும்மா” என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பதினான்கு வயதில் இதைக் கேட்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் நான் என் அம்மாவிடம் வாயே திறந்ததில்லை. முடி இருப்பதில் அசிங்கம் எதுவும் இல்லை, எடுப்பதிலும் தப்பில்லை, ஆனால் யாரோ சிரித்தார்கள் என்பதற்காக எடுக்க வேண்டாம் என்றேன். ஒரு வாரம் போகட்டும், அப்போதும் வேண்டும் என்றால் நானே சொல்லித்தருகிறேன். அப்பாவின் ரேசரை யாருக்கும் தெரியாமல் எடுத்துக் காலைக் கீறிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

மே 7, புதன்

அத்தையின் காதுக்கு விஷயம் எட்டிவிட்டது. “கத்தி பட்டால் கட்டையாக முளைக்கும். கஸ்தூரி மஞ்சளும் பயத்தம்மாவும் தேய்த்துக் குளித்தால் போதாதா?” என்று கேட்டார். பிறகு தன் பெரிய சாட்சியைக் கொண்டுவந்தார்: “திருவந்திபுரத்தில் மொட்டை போட்ட பிறகுதானே இவளுக்கு முடியே அடர்ந்தது!”

இதை நான் சும்மா விட விரும்பவில்லை. எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் இருக்கிற நம்பிக்கை இது. குழந்தைக்குப் பிறக்கும்போது இருப்பது பூமுடி. வயது ஏற ஏற அது உதிர்ந்து, தடித்த முடி தானாகவே வரும். நாம் மொட்டை போடுவதும் அதே பருவத்தில்தான், அதனால் பெயர் கத்திக்குப் போய்விடுகிறது. முடியின் வேர் தோலுக்குக் கீழே இருக்கிறது. ரேசர் வெட்டுவது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உயிரில்லாத பகுதியை மட்டும். மேலே வெட்டிய சேதி வேருக்குப் போவதில்லை. 1928-இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் சில ஆண்களைத் தொடர்ந்து சவரம் செய்யவைத்து, வெட்டிய முடியை அளந்து பார்த்தார். தடிமனும் மாறவில்லை, வளரும் வேகமும் மாறவில்லை.

பிறகு ஏன் ஷேவ் செய்த இடம் தொட்டால் சொரசொரக்கிறது என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. வளர்ந்த முடியின் நுனி மெலிந்திருக்கும்; குறுக்கே வெட்டியதும் நடுத்தண்டு மேலே வந்துவிடுகிறது. அறுவடையான வயலில் நெல்தாள் காலைக் குத்துவதுபோலத்தான். அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. “பார்த்து, ரத்தம் வராமல் செய்யுங்கள்” என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

மே 11, ஞாயிறு

வாரம் முடிந்தது. வேண்டும் என்றே சொன்னாள். முழங்காலுக்குக் கீழே மட்டும்.

மருந்துக் கடையில் புது ரேசரும் ஷேவிங் கிரீமும் வாங்கினோம். ரேசர் இவளுக்கு மட்டும்தான். வீட்டு ஆளாக இருந்தாலும், தோழியாக இருந்தாலும், இரவல் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருந்தால்கூட மஞ்சள்காமாலைக் கிருமி, ஹெபடைடிஸ் பி, அதன் வழியாகப் பரவும்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. சோப்பு போட்டால் நுரை வராமல் திரிதிரியாகப் படிகிறது. கேன் தண்ணீரை வெதுவெதுப்பாகச் சுடவைத்துக் கொண்டேன். கால் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக நனைய வேண்டும். ஊறிய முடி இளகிவிடும், பிளேடு இழுக்காது. வறண்ட தோலில் ரேசர் வைப்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை.

முதலில் என் காலில் செய்து காட்டினேன். பிறகு முக்காலியில் அவள் உட்கார்ந்தாள். கணுக்காலுக்கு மேலே ரேசரை வைத்தவள் மூச்சையே விடவில்லை. விரல் நுனிகள் வெளுக்கும் அளவுக்குப் பிடியை இறுக்கியிருந்தாள். “அழுத்தாதே. ரேசரின் கனமே போதும்” என்றேன். பிடி தளர்ந்தது. வெள்ளைக் கிரீமின் நடுவே விரலகலத்துக்கு ஒரு பாதை விழுந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, “அவ்வளவுதானா?” என்றாள்.

அவ்வளவுதான். முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். பழகாதவர்கள் எதிர்த்திசையில் போனால் தோல் எரியும். நாலைந்து விரற்கடைக்கு மேல் ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது, ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலச வேண்டும். முழங்கால்தான் சிக்கலான இடம். காலை மடக்கினால் அங்கே தோல் விறைத்துக்கொள்ளும், அப்போது பிளேடு தோலைக் கீறாது. கணுக்கால் எலும்பருகே மட்டும் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. சுத்தமான துணியை வைத்து அழுத்தியதும் நின்றுவிட்டது. இவர் வாசலிலிருந்தே படிகாரக்கல்லை நீட்டினார். தேவைப்படவில்லை, ஆனாலும் மகள் வாங்கித் தன் டப்பாவில் பத்திரப்படுத்திக்கொண்டாள். அப்பா கொடுத்தது அல்லவா.

துடைத்ததும் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவினோம்.

மே 12, திங்கள்

சில்வர் பீச்சுக்குப் போகலாம் என்றாள். நாளைக்கு என்றேன். புதிதாகச் சவரம் செய்த தோலில் உப்புத் தண்ணீர் பட்டால் எரிச்சல் தாங்காது.

மே 24, சனி

முடி திரும்ப முளைக்கிறது, அரிக்கிறது என்கிறாள். முழங்காலருகே சின்னச் சின்னப் பொரிகள். சொறியாதே, அவை அடங்கும்வரை அங்கே ரேசர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அத்தையின் கஸ்தூரி மஞ்சளையும் அந்த இடத்தில் இப்போதைக்கு நிறுத்திவைத்தோம்.

அந்தப் பெண் மறுபடி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இந்த முறை இவள் கையிலுள்ள முடியைப் பற்றிப் பேசினாளாம். என் மகள், “கை முடி எனக்குப் பிடித்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு சர்வீஸ் போடப் போய்விட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் நடுக்கமே இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று தனியாகவே செய்துகொண்டாள், கதவைச் சாத்திக்கொண்டு. நான் சமையலறையில் இருந்தேன். ஐந்தாறு முறைக்கு மேல் ஒரே பிளேடு ஆகாது, மழுங்கினால் தோலைப் பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். ரேசரை ஈரக் குளியலறையில் விடாமல் துடைத்து ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். இவருடைய பழைய பிளேடையும் அவளே தடித்த தாளில் சுற்றி, மேலே ‘பிளேடு, கவனம்’ என்று எழுதி வைத்தாள். குப்பை வண்டியில் வரும் அக்கா வெறுங்கையால்தான் பிரிக்கிறார். நாளைக் காலை அவரிடம் சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும்.