பாலத்துக்குக் கீழே ஒரு பச்சை நிஞ்சா

ஜூன் 6, வெள்ளி

இரவு மார்ட்டல் காம்பேட் என்ற சண்டை வீடியோ கேமின் முதல் பாகம் ஆடினேன், 1992இல் வந்த ஆர்கேட் பதிப்பு, அதாவது காசு போட்டு ஆடும் பெட்டிக்கென்று வந்தது. ஒரு சண்டை தொடங்கும் முன் பச்சை உடை போட்ட நிஞ்சா ஒருவன் வந்து நின்றான். நிலவைப் பார் என்று ஒரு வரி சொல்லிவிட்டு மறைந்துவிட்டான். ரெப்டைல்! ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஏழு பேர்தான் உண்டு, அதில் இவன் கிடையாது. இத்தனை வருடம் ஆடியும் இவனோடு ஒருமுறைகூட மோதியதில்லை. இந்த மாதத்துக்குள் மோதிவிட வேண்டும்.

ஜூன் 7, சனி

ரெப்டைலோடு மோதுவதற்கான நிபந்தனைகளை எழுதி மேசையில் ஒட்டிவிட்டேன். தனியாக ஆட வேண்டும். சண்டை 'தி பிட்' பாலத்தின் மேல் நடக்க வேண்டும். பின்னால் நிலவின் குறுக்கே ஏதாவது ஒரு நிழல் பறக்க வேண்டும். இரண்டு சுற்றிலும் உடம்பில் ஒரு அடிகூடப் படாமல் ஜெயிக்க வேண்டும். அடியைத் தடுக்கும் பிளாக் பொத்தானைத் தொடவே கூடாது. கடைசியில் ஃபேட்டாலிட்டி, அதாவது தோற்றவனைக் கொல்லும் வித்தை, போட்டு முடிக்க வேண்டும்.

எனக்குக் கை பழகியவன் மஞ்சள் உடை நிஞ்சா ஸ்கார்ப்பியன். ஆனால் அவனுடைய ஃபேட்டாலிட்டிக்கே பிளாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை மேலே தட்ட வேண்டும். அதனால் அவன் வேண்டாம். நீல உடை நிஞ்சா சப்-ஸீரோவுக்கு 'முன், கீழ், முன், மேல்குத்து' என்று தட்டினால் போதும், பிளாக் தேவையில்லை. ஆனால் அவன் தரையில் சறுக்கிப் போய் உதைப்பதற்கு பிளாக்கும் சேர்த்து அழுத்த வேண்டும், அதை மறந்துவிட வேண்டியதுதான். பனி வீசி எதிரியை உறையவைப்பது, கிட்டே போய் அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே ஒரு குத்து. இந்த இரண்டை வைத்துத்தான் எல்லாம்.

ஜூன் 9, திங்கள்

மூன்று முறை பாலத்துக்கு வந்தேன். மூன்று முறையும் நிலவில் எதுவும் பறக்கவில்லை.

ஜூன் 14, சனி

நிழல் வந்தது! இரண்டு சுற்றும் கீறல் இல்லாமல் முடித்தேன். 'ஃபினிஷ் ஹிம்' என்ற குரல் கேட்டதும் கை நடுங்கிவிட்டது. சப்-ஸீரோவின் ஃபேட்டாலிட்டிக்கு எதிரியை ஒட்டி நிற்க வேண்டும், நான் இரண்டடி தள்ளி நின்று தட்டிவிட்டேன். நேரம் போய்விட்டது. அப்படியே எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

ரெப்டைல்மேல் எனக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று அங்கே நின்று யோசித்தேன். முதல் பாகத்தில் ரெப்டைலுக்குச் சொந்தமாக ஒன்றுமே கிடையாது. சிகாகோவில் மிட்வே நிறுவனத்தில் எட் பூனும் ஜான் டோபியாஸும் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, சப்-ஸீரோ, ஸ்கார்ப்பியன், ரெப்டைல் மூவருக்கும் கேமரா முன் நின்றவர் டேனியல் பெசினா என்ற ஒரே ஆள்தான். உடையின் நிறம்தான் மாறுகிறது. நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை. ரெப்டைலின் வித்தைகளும் அப்படித்தான், சப்-ஸீரோவிடமிருந்து பனி, ஸ்கார்ப்பியனிடமிருந்து ஈட்டி. 1993இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அவனுக்கென்று அமிலத் துப்பல், கண்ணுக்குத் தெரியாமல் மறைவது, முகமூடிக்குள் பல்லி முகம் எல்லாம் கிடைத்தன. கூடவே அழிந்துபோன ஓர் இனத்தின் சோகக் கதையும். எனக்கென்னவோ ஒன்றுமில்லாத அந்த முதல் ரெப்டைலைத்தான் பிடிக்கிறது. அவனிடம் இருந்ததெல்லாம் ரகசியம் மட்டும்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆர்கேட் பெட்டியின் கணக்குத் திரையில் 'எர்மாக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். நிரல் பிழையை எண்ணுவதற்காக வைத்தது. அதைப் பார்த்தவர்கள் சிவப்பு நிஞ்சா ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்று நம்பினார்கள். 1995இல் அல்டிமேட் மார்ட்டல் காம்பேட் 3இல் எர்மாக் நிஜமாகவே வந்துவிட்டான். ரெப்டைல் ஒருவன் ஒளிந்திருந்ததால்தானே எர்மாக்கையும் தேடத் தோன்றியது!

ஜூன் 18, புதன்

வேலை. ஆடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ராத்திரி பதினொன்றரை. நிலவில் நிழல். எதிரே ஏழு பேரில் ஒருத்தியான சோன்யா. அவசரப்படாமல் பின்னால் குதித்துக் குதித்து, அவளே கிட்டே வரும்வரை காத்திருந்தேன். இரண்டு சுற்றும் சுத்தம். இந்த முறை மூக்கோடு மூக்கு ஒட்டி நின்றுதான் தட்டினேன்.

அப்புறம் பாலத்தின் அடியில் இருந்தேன். கூர்முனைகளுக்கு நடுவே, பச்சை உடையில், அவன்!

என்ன வேகம்! முதல் சுற்றில் ஈட்டியை வீசி என்னை மூன்று முறை இழுத்தான், இருந்தாலும் எப்படியோ ஜெயித்தேன். இரண்டாவது சுற்றில் அவன் கையிலிருந்து பனி பறந்து வந்தது. இரண்டு வாரமாக எல்லாரையும் எதை வைத்து உறையவைத்தேனோ, அதே பனி. என் சப்-ஸீரோ கட்டியாக நின்றான். மூன்றாவது சுற்றும் அவனுக்கே.

தாளில் 'தி பிட்' வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். நாளை வேலை முடிந்து வந்ததும் மறுபடியும் பாலத்துக்குப் போக வேண்டும்.