வைரவன் கோயிலுக்கு வீட்டுச் செவ்வரளி

தேய்பிறை அஷ்டமிக்கு வைரவன்பட்டி போகிறவர்கள் பலரும் பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, வழியிலேயே அரளி மாலை வாங்கிக்கொள்கிறார்கள். பூர்வீக வீட்டுத் தோட்டத்தில் ஐயா காலத்துச் செவ்வரளி நிற்கும்போது கடைப் பூ எதற்கு? நகரத்தாரின் (செட்டிநாட்டுச் செட்டியார்களின்) ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று வைரவன்பட்டிக் கோயில். வளரொளிநாதரையும் வடிவுடையம்மையையும் வணங்கி, பைரவர் சந்நிதியில் நிற்கும்போது கையில் இருப்பது நம் வீட்டுப் பூவாக இருப்பதே நிறைவு.

விரியத் தொடங்கிய மொட்டாக விடியலில் பறித்து, வாழைநாரில் தொடுத்து, வாழையிலையில் சுற்றுங்கள். பாலித்தீன் பையில் அடைத்தால் வேர்த்து, கறுத்துவிடும். அரளி முழுக்க நஞ்சு. வடை மாலையும் சாத்துவதாக இருந்தால் இரண்டையும் ஒரே கூடையில் வைக்கவே கூடாது. பூக்கட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே வடையைத் தொடுங்கள். பிரசாதமாக வந்த மாலையை மாட்டுக்குப் போடாதீர்கள். காய்ந்த குச்சியை அடுப்பிலும் வைக்காதீர்கள், புகையும் கெடுதல்.

பரம்பரைச் செடி கைமாறுவது குச்சியில்தான். விதையில் முளைப்பது அதே நிறத்தில், அதே அடுக்கில் பூக்கும் என்று சொல்ல முடியாது. குச்சியில் வருவது அப்பத்தா பூப்பறித்த அதே செடி. முன்னோரை வணங்கும் படைப்புக்குப் பங்காளிகள் ஊரில் கூடும்போது ஆளுக்கு மூன்று குச்சி வெட்டிக்கொள்ளலாம், ஒன்று போனாலும் இரண்டு நிற்கும். பென்சில் பருமன், முக்கால் அடி நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. வடியும் பாலைக் கழுவி, அடி இலைகளை உருவிவிட்டு, நுனியில் நாலைந்து இலைகளைப் பாதியாக நறுக்கி விடுங்கள். ஈரச் செய்தித்தாளில் சுற்றினால் சென்னை வரை வாடாது. செம்மண்ணும் மணலும் சரிபாதி, பாதிக் குச்சி மண்ணுக்குள். எரு இப்போது வேண்டாம். வேர்விட ஒரு மாதம் போல ஆகும்.

அழுகினால் காரணம் பெரும்பாலும் இரண்டே: பச்சை நுனிக் குச்சியை வெட்டியது, தொட்டியில் தண்ணீர் தேங்கியது. இலை செழித்துப் பூ வராவிட்டால் வெயில் போதவில்லை. ஆறு மணி நேரமாவது வேண்டும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அவர்கள் கைக்கு எட்டாத மாடியில் வையுங்கள்.

ஊரில் நிற்கும் தாய்ச்செடியையும் கவனியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மூன்றில் ஒரு பங்கு முதிர்ந்த தண்டுகளை அடியோடு வெட்டினால் புதுத் தளிர் கிளம்பும். பூ வருவது அந்தத் தளிரில்தான்.